அப் ஐவர்க்ஸ்: மிக்கி மவுஸை வரைந்த கை ஏன் வரைவதை நிறுத்தியது?

1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி திரையரங்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'ஸ்டீம்போட் வில்லி' படத்தின் தலைப்பு அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. மேலே வால்ட் டிஸ்னியின் பெயர். அதற்குக் கீழே, இதை ஆக்கியவர் என்ற பொருளில் அப் ஐவர்க்ஸின் பெயர். முதற்பெயரை இன்று உலகமே அறியும். இரண்டாம் பெயர் அனிமேஷன் வரலாற்றைத் தேடிப் படிப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். இந்த இடைவெளியை விளக்க, பாடுபட்டவர் ஒருவர், பேர் வாங்கியவர் இன்னொருவர் என்ற ஒரே கதைதான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கதை 1930-ஓடு நின்றுவிடுகிறது. ஐவர்க்ஸ் அதற்குப் பிறகும் 41 ஆண்டுகள் வாழ்ந்தார், அவற்றில் பெரும்பகுதியை அதே டிஸ்னி நிறுவனத்தில் கழித்தார், ஆனால் அங்கே மீண்டும் அனிமேட்டராக அமரவே இல்லை. தம் காலத்தின் மிக வேகமான அனிமேட்டர் என்று பெயர் பெற்ற ஒருவர் நாற்பது வயதை எட்டுவதற்குள் பென்சிலைக் கீழே வைத்தது தோல்வியாலா, அல்லது அவர் தேடியது வேறொன்றாக இருந்ததாலா என்பதை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது.

கான்சஸ் சிட்டி

உபே எர்ட் இவ்வெர்க்ஸ் என்பது அவருக்கு இட்ட பெயர். 1901 மார்ச் 24 அன்று மிசௌரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டியில் பிறந்தார். தந்தை ஜெர்மனியின் கிழக்கு ஃபிரீசியாவிலிருந்து குடியேறியவர்; அவர் குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றபின், மகன் இளம் வயதிலேயே படிப்பை விட்டுச் சம்பாதிக்க வேண்டியதாயிற்று. 1919-இல் பெஸ்மென்-ரூபின் என்ற விளம்பர ஓவிய நிறுவனத்தில் எழுத்து வடிவமைப்பும் படம் வரைதலுமாக வேலை செய்துகொண்டிருந்தபோது, அதே ஆண்டில் பிறந்த வால்ட் டிஸ்னி அங்கே வந்து சேர்ந்தார். சில மாதங்களில் இருவருக்குமே வேலை போயிற்று.

வேலையிழந்த இருவரும் 1920 சனவரியில் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கி அதற்கு 'ஐவர்க்ஸ்-டிஸ்னி' என்று பெயரிட்டார்கள். பெயரைத் திருப்பி வைத்தால், 'ஐ' என்ற ஆங்கில ஒலி கண்ணைக் குறிப்பதால், மூக்குக்கண்ணாடிக் கடைபோல் ஒலிக்கும் என்று கருதியே இந்த வரிசையைத் தேர்ந்ததாக ஒரு செய்தி உண்டு. கண்ணாடிக் கடைப் பெயர் வேண்டாம் என்று ஒதுக்கிய இளைஞர்களில் ஒருவரான ஐவர்க்ஸ் பிற்காலத்தில் முப்பது ஆண்டுகள் லென்சுகளுக்கும் பட்டகங்களுக்கும் (பிரிசம்) நடுவில்தான் வாழ்ந்தார் என்பதை இங்கேயே குறித்துவைக்கத் தோன்றுகிறது.

நிறுவனம் நீடிக்கவில்லை. இருவரும் கான்சஸ் சிட்டியின் விளம்பரப் பட நிறுவனம் ஒன்றில் சேர்ந்து அசையும் படங்களின் அரிச்சுவடியைக் கற்றார்கள். பின்னர் டிஸ்னி தொடங்கிய லாஃப்-ஓ-கிராம் ஸ்டுடியோ 1923-இல் திவாலாகி, டிஸ்னி ஹாலிவுட்டுக்குப் போக, மறு ஆண்டு ஐவர்க்ஸும் அங்கே போய்ச் சேர்ந்தார். அங்கே அவர்கள் எடுத்த 'ஆலிஸ்' படங்கள் இந்த ஆய்வுக்கு மிகவும் முக்கியமானவை. உண்மையான ஒரு சிறுமி கார்ட்டூன் உலகத்துக்குள் நடமாடுவதே அந்தத் தொடரின் கவர்ச்சி. வெள்ளைத் துணியைப் பின்னால் கட்டிச் சிறுமியை நடிக்க வைத்துப் படம்பிடிப்பார்கள். அவளைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் பூனைகளும் எலிகளும் வரையப்படும். இரண்டும் ஒரே படச்சுருளில் ஒன்றுசேர வேண்டும். தனித்தனியாகப் பிறந்த இரண்டு படங்களை, ஒட்டுப்போட்ட தடம் தெரியாமல் ஒன்றாக்குவது எப்படி? இருபத்துமூன்று வயதில் அவர் கைக்கு வந்த இந்தக் கேள்வி அறுபது வயதிலும் அவரை விட்டபாடில்லை.

ஒரு நாளுக்கு எழுநூறு

1927-இல் தொடங்கிய 'ஆஸ்வால்டு' என்ற முயல் தொடர் வெற்றி பெற்றது. ஆனால் அந்த முயலின் உரிமை யுனிவர்சல் நிறுவனத்திடம் இருந்தது. விநியோகத்தை நடத்திய சார்லஸ் மின்ட்ஸ் 1928-இன் தொடக்கத்தில் பணத்தைக் குறைத்துப் பேசியதோடு, டிஸ்னியின் அனிமேட்டர்கள் பெரும்பாலோரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஹ்யூ ஹார்மன் போன்ற பழைய தோழர்களே போனார்கள். ஐவர்க்ஸ் போகவில்லை.

புதிய பாத்திரம் ஒன்று உடனே தேவைப்பட்டது. போகவிருந்தவர்கள் இன்னும் அதே கட்டடத்தில் அமர்ந்து எஞ்சிய ஆஸ்வால்டு படங்களை முடித்துக்கொண்டிருந்ததால், ஐவர்க்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சுண்டெலியை வரைந்தார். யாராவது உள்ளே வந்தால் முயல் படங்களை மேலே இழுத்து எலியை மறைத்துக்கொள்வார். 'பிளேன் கிரேஸி' என்ற அந்த முதற்படத்தை அவர் ஏறத்தாழத் தனியாளாக இரண்டு வாரங்களில் வரைந்தார் என்பதும், நாளொன்றுக்கு எழுநூறு படங்கள் வரை வரைந்தார் என்பதும் அனிமேஷன் உலகில் நிலைபெற்ற செய்திகள். அவர் வரைந்த கோடுகளை டிஸ்னி குடும்பப் பெண்களான லில்லியன், எட்னா, ஹேசல் சூவெல் மூவரும் வால்ட் டிஸ்னி வீட்டுக் கார் கொட்டகையில் அமர்ந்து, ஒவ்வொன்றாக மையால் ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளில் பிரதியெடுத்து வண்ணமிட்டார்கள். இந்த மூவரின் வேலையை நினைவில் வைக்க வேண்டும். இறுதியில் அவர்களிடம் திரும்பி வருவோம்.

எழுநூறு என்பது எவ்வளவு? பன்னிரண்டு மணிநேரம் இடைவிடாமல் உட்கார்ந்தால் கிடைப்பது 720 நிமிடங்கள். அதாவது படம் ஒன்றுக்கு ஒரு நிமிடம். ஒலிப்படத்தில் நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) ஓடுகின்றன. ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படங்கள். அப்படியானால் எழுநூறு படங்கள் திரையில் ஓடி முடிய ஒரு நிமிடம்கூட ஆகாது. மிக்கியின் உடலமைப்பே இந்த வேகத்துக்காகப் பிறந்ததுபோல் இருக்கிறது: தலைக்கு ஒரு வட்டம், காதுகளுக்கு இரு வட்டங்கள், பேரிக்காய் வடிவில் உடல், குழாய்போல் கைகால்கள். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் காதுகள் வட்டமாகவே தெரியும். உண்மையான காது அப்படித் தெரியாது. பார்வைக் கோணத்தின் விதியை மீறிய இந்தச் சலுகை வரைபவரின் நேரத்தை மிச்சப்படுத்தியது, பார்ப்பவரின் கண்ணிலும் உறுத்தவில்லை.

அதே படத்தில் விமானத்திலிருந்து பார்க்கும்போது தரை சுழன்றுகொண்டே நம்மை நோக்கி விரைந்து வரும் ஒரு காட்சி உண்டு. கேமராவை நகர்த்தும் வசதி அப்போது அவர்களிடம் இல்லை. சுழலும் பின்னணி ஓவியத்துக்கு அடியில் புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓவியத்தைச் சிறிது சிறிதாகக் கேமராவுக்கு அருகில் உயர்த்தியே அந்தக் காட்சியை எடுத்தார்கள். ஐவர்க்ஸைப் பற்றி ஆயிரம் பக்கம் படிப்பதைவிட இந்தப் புத்தக அடுக்கு எனக்கு அதிகம் சொல்கிறது. அறுநூறு, எழுநூறு என்று வரைந்து குவித்த கைக்குப் பின்னால், படம் திரைக்குப் போய்ச் சேரும் வழியையே மாற்றிப் பார்க்கும் ஒரு மூளை அப்போதே இருந்தது.

எலும்புக்கூடுகளும் ஒரு பிளவும்

1929-இல் வெளியான 'ஸ்கெலிட்டன் டான்ஸ்' ஐவர்க்ஸின் கைவண்ணம் முழுமையாக வெளிப்பட்ட படம் என்பது என் மதிப்பீடு. இசையமைப்பாளர் கார்ல் ஸ்டாலிங் முன்வைத்த எண்ணத்திலிருந்து உருவான அந்தப் படத்தின் மிகப் பெரும்பகுதியை அவரே வரைந்தார். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அதன் துணிச்சல் புரியும். கல்லறைத் தோட்டத்தில் எழும் எலும்புக்கூடு நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது; அதன் வாய் பெரிதாகிக்கொண்டே வந்து திரையை முழுவதுமாக விழுங்கிவிடுகிறது. ஓர் எலும்புக்கூடு இன்னொன்றின் முதுகெலும்பைச் சைலஃபோனாக வாசிக்கிறது. சேவல் கூவியதும் எல்லாம் பதறியடித்துக் குழிக்குள் ஓடுகின்றன. பின்தங்கிவிட்ட இரு பாதங்கள் மட்டும் மூடிய கல்லை உதைக்க, உள்ளிருந்து நீளும் ஒரு கை அவற்றை இழுத்துக்கொள்கிறது. கதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. தாளத்துக்குள் கச்சிதமாக அடங்கிய அசைவு ஒன்றே படத்தைத் தூக்கி நிறுத்துகிறது.

இதே காலத்தில்தான் இருவருக்கும் இடையே விரிசல் விழுந்தது. எந்தப் படம் எத்தனை சட்டகங்களுக்கு நிற்க வேண்டும் என்று ஐவர்க்ஸ் குறித்துவைத்த தாள்களை இரவில் வந்து டிஸ்னி மாற்றி எழுதுவார் என்பது ஒரு மனக்குறை. அதைவிட ஆழமான வேறுபாடு வேலைமுறையில் இருந்தது. ஓர் அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் தேர்ந்த அனிமேட்டர் வரைய வேண்டும், இடைப்பட்ட படங்களை உதவியாளர்கள் நிரப்ப வேண்டும் என்று டிஸ்னி வற்புறுத்தினார். முதல் படத்தில் தொடங்கிக் கடைசிப் படம்வரை ஒரே ஓட்டமாகத் தாமே வரைந்து போவதுதான் ஐவர்க்ஸின் வழக்கம். இடைப்படங்களை இன்னொருவர் கையில் கொடுக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. தொழிலை வளர்க்கும் கண்ணோட்டத்தில் டிஸ்னி சொன்னதே சரி. முழுநீளக் கார்ட்டூன் படம் அந்த வேலைப்பிரிவினை இல்லாமல் சாத்தியமே இல்லை. ஆனால் ஐவர்க்ஸின் பிடிவாதத்தை வெறும் முரண்டு என்று தள்ளிவிட முடியாது. கை மாறும்போது கோட்டின் உயிர் சற்றுக் குறைந்துவிடுகிறது என்பதை வரைபவர்கள் அறிவார்கள்.

1930 சனவரியில் அவர் விலகினார். நிறுவனத்தில் தமக்கிருந்த இருபது விழுக்காட்டுப் பங்கை 2,920 டாலருக்கு விட்டுக்கொடுத்தார். அந்த ஐந்தில் ஒரு பங்கின் இன்றைய மதிப்பைக் கணக்குப்போட்டு வியப்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கு அன்றைய நிலையை விளக்காது: அப்போது அந்தச் சிறிய ஸ்டுடியோ, தன் படங்களை விநியோகித்த பேட் பவர்ஸிடமிருந்து வரவேண்டிய பணம் வராமல் திண்டாடிக்கொண்டிருந்தது. ஐவர்க்ஸுக்குச் சொந்த ஸ்டுடியோ வைக்கப் பணம் கொடுக்க முன்வந்ததும் அதே பவர்ஸ்தான். டிஸ்னியை மடக்க, அவருடைய சிறந்த கலைஞரை வெளியே கொண்டுவருவது பவர்ஸின் கணக்கு.

சொந்த ஸ்டுடியோ

'ஃபிளிப்' என்ற தவளையை நாயகனாக்கிய தொடர் 1930 முதல் 1933 வரை மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் வழியாக வெளிவந்தது. தொடக்கத்தில் தவளையாகவே இருந்த ஃபிளிப், படத்துக்குப் படம் மனித உருவை நெருங்கி, எதனால் தனித்தன்மை உடையவன் என்று சொல்ல முடியாத பாத்திரமாகிப் போனான். 'வில்லி வாப்பர்' தொடரும், தேவதைக் கதைகளை வண்ணத்தில் சொன்ன 'காமிகலர்' தொடரும் தொடர்ந்தன. இந்தப் படங்களில் வியக்கத்தக்க அசைவுகள் உண்டு, விசித்திரமான இயந்திரங்களை வைத்துச் செய்யும் வேடிக்கைகள் உண்டு. ஆனால் ஒரு பாத்திரம் என்ன நினைக்கிறது, ஏன் இதைச் செய்கிறது என்ற அக்கறை அவற்றில் அரிது. மிக்கியின் உருவம் ஐவர்க்ஸுடையது என்றாலும் அந்த உருவத்துக்குள் இருந்த குணமும் கதையும் பெரும்பாலும் டிஸ்னியிடமிருந்து வந்தவை என்பதை, பிரிவுக்குப் பின் வந்த இந்த ஆறு ஆண்டுப் படங்கள் காட்டிவிட்டன. ஐவர்க்ஸை நேசிப்பவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்கக் கூடாது.

அந்த ஸ்டுடியோ இன்னொரு வகையில் பயனுள்ளதாக இருந்தது. பிற்காலத்தில் பெயர்பெற்ற கார்ட்டூன் இயக்குநரான சக் ஜோன்ஸ், இளைஞராக அங்கே செல்லுலாய்டு தாள்களைக் கழுவும் வேலையில் இருந்தார். கிரிம் நாட்விக் அங்கே வேலை செய்துவிட்டுப் பின்னர் டிஸ்னிக்குப் போய் ஸ்னோ ஒயிட்டை வரைந்தவர்களில் ஒருவரானார். ஐவர்க்ஸோ மெல்ல மெல்ல மேசையை விட்டு இயந்திரங்களின் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார். பழைய செவர்லே காரின் பாகங்களைக் கொண்டு பல அடுக்குக் கேமரா ஒன்றை அவர் கட்டினார். பின்னணி ஓவியத்தை ஒரே தட்டில் வைக்காமல், அருகிலுள்ள மரம், நடுவிலுள்ள வீடு, தொலைவிலுள்ள மலை எனப் பிரித்துக் கேமராவிலிருந்து வெவ்வேறு தூரங்களில் அடுக்கி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு வேகத்தில் நகர்த்தினால், இரயில் சன்னலிலிருந்து பார்ப்பதுபோல் அருகிலிருப்பது விரைந்தும் தொலைவிலிருப்பது தயங்கியும் போகும். தட்டையான ஓவியத்துக்கு ஆழம் கிடைத்துவிடும். டிஸ்னி ஸ்டுடியோ தன் பெரிய பல அடுக்குக் கேமராவை 1937-இல் 'ஓல்டு மில்' படத்தில் பயன்படுத்துவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இது நடந்தது. 1928-இல் புத்தகங்களை அடுக்கியவர் இப்போது ஓவியத்தையே அடுக்காக்கியிருந்தார்.

1936-இல் பவர்ஸின் ஆதரவு நின்று ஸ்டுடியோ மூடப்பட்டது. பிறருக்காக ஒப்பந்த வேலை செய்து சில ஆண்டுகளை ஓட்டியபின், டிஸ்னி நிறுவனத்தைச் சேர்ந்த பென் ஷார்ப்ஸ்டீன் வழியாகப் பேச்சு நடந்து, 1940 செப்டம்பரில் ஐவர்க்ஸ் டிஸ்னி நிறுவனத்துக்குத் திரும்பினார்.

இரண்டு படங்கள், ஒரு திரை

திரும்பி வந்தவர் அனிமேஷன் மேசையைக் கேட்கவில்லை; படப்பிடிப்புத் தொழில்நுட்பத்தின் பக்கம் போனார். இதை ஒரு தோற்ற மனிதரின் ஒதுங்கலாகக் காட்டும் எழுத்துகளோடு எனக்கு உடன்பாடில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளில் அவர் செய்தவற்றை வரிசைப்படுத்தினால், 'ஆலிஸ்' படங்களின் வெள்ளைத் துணியில் தொடங்கிய அதே கேள்விதான் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது.

'த்ரீ கபல்லெரோஸ்' படத்தில் பிரேசில் பாடகி அரோரா மிராண்டா கார்ட்டூன் வாத்தான டொனால்டோடு ஆடுகிறார். இதற்குத் தேவைப்பட்டது ஆப்டிகல் பிரிண்டர்: எடுத்து முடித்த படச்சுருளை ஒரு பக்கம் ஓடவிட்டு, எதிரிலிருக்கும் கேமராவால் சட்டகம் சட்டகமாக மறுபடி படமெடுத்து, பல சுருள்களை ஒன்றாக்கும் இயந்திரம். இதை அவர் தொடர்ந்து செப்பம் செய்தார். மேம்படுத்திய வடிவத்துக்காக 1960-இல், ஆஸ்கர் வழங்கும் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

நீலத் திரையின் முன் நடிகரை நிறுத்தி எடுத்துப் பின்னணியை மாற்றும் முறை அப்போது புழக்கத்தில் இருந்தது. தலைமுடியின் ஓரத்திலும் மெல்லிய துணியிலும் அந்த நீலம் விளிம்பாக ஒட்டிக்கொண்டு, இது வெட்டி ஒட்டிய படம் என்று காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு மாற்றாக வந்த சோடியம் ஆவி முறையை டிஸ்னி ஸ்டுடியோவில் நிலைநாட்டியதில் ஐவர்க்ஸுக்குப் பெரும் பங்குண்டு. சோடியம் விளக்கு, ஏறத்தாழ 589 நானோமீட்டர் அலைநீளத்தில் மட்டும், மிகக் குறுகிய மஞ்சள் ஒளியைத் தரும். பின்திரையை அந்த ஒளியாலும் நடிகரைச் சாதாரண ஒளியாலும் நிறைத்துவிட்டு, கேமராவுக்குள் ஒரு பட்டகத்தை வைத்து ஒளியை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு சுருளில் அந்த மஞ்சள் நீங்கலாக நடிகரின் வண்ணப்படம் பதியும். மற்றொன்றில் அந்த மஞ்சள் மட்டும் பதிந்து, நடிகர் நிற்கும் இடம் துல்லியமான நிழலுருவாகக் கிடைக்கும். அந்த நிழலுருவே அச்சு. அதை வைத்து எந்தப் பின்னணியிலும் நடிகரைப் பொருத்தலாம்.

1963-இல் வந்த ஹிட்ச்காக்கின் 'பேர்ட்ஸ்' படத்தில் சிறகடிக்கும் பறவைகளை நகரின்மேல் பொருத்த இந்த முறைதான் உதவியது. சிறகின் வேகமான அசைவை நீலத் திரையால் சுத்தமாகப் பிரித்திருக்க முடியாது. அந்த வேலைக்காக ஐவர்க்ஸின் பெயர் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. மறு ஆண்டு வந்த 'மேரி பாப்பின்ஸ்' படத்தில், வரைந்த உலகத்துக்குள் நடந்துபோகும் ஜூலி ஆண்ட்ரூஸின் தொப்பியில் ஒரு மெல்லிய வலைத்துணி இருக்கிறது. அதன் இழைகளின் ஊடாக, வண்ணத்தால் தீட்டிய பின்னணி தெரிகிறது. விளிம்பில் எந்தக் கறையும் இல்லை. வெள்ளைத் துணிக்கு முன்னால் ஆலிஸாக நடித்த சிறுமியில் தொடங்கிய வேலை நாற்பது ஆண்டுகளில் வந்து சேர்ந்த இடம் அந்த வலைத்துணி. பெட்ரோ விலாஹோஸ், வாட்ஸ்வொர்த் போஹ்ல் என்ற தொழில்நுட்ப வல்லுநர்கள் இருவரோடும் சேர்த்து ஐவர்க்ஸுக்கு 1965-இல் இதற்காக இரண்டாம் அகாடமி விருது வழங்கப்பட்டது. 1971 சூலை 7 அன்று பர்பேங்கில் மாரடைப்பால் இறக்கும்வரை அவர் அந்த நிறுவனத்தோடுதான் இருந்தார்.

கோடு திரைக்குப் போகும் வழி

ஒரு செய்தியைக் காலவரிசையிலிருந்து விலக்கி இறுதிக்கு வைத்திருக்கிறேன். இந்த ஆய்வின் கேள்விக்கு மிக நேரான விடை அதில்தான் கிடைக்கிறது.

1959-இல் வெளியான 'ஸ்லீப்பிங் பியூட்டி' ஏறத்தாழ ஆறு மில்லியன் டாலர் விழுங்கி, போட்டதை எடுக்கத் திணறியது. அனிமேட்டரின் பென்சில் கோட்டை மையால் செல்லுலாய்டு தாளில் பிரதியெடுக்கும் வேலை செலவின் பெரிய கூறு. ஐவர்க்ஸ், ஜெராக்ஸ் முறையை இதற்குத் தகவமைத்தார். நம் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கும் அடிப்படையான முறைதான் இது: மின்னேற்றிய செலினியம் தகட்டில் ஓவியத்தின் பிம்பம் விழுந்ததும், வெளிச்சம் பட்ட இடங்களில் மின்னேற்றம் நீங்கிக் கோடுகள் இருந்த இடத்தில் மட்டும் எஞ்சும், அங்கே கரும்பொடி ஒட்டும், அது தாளுக்கு மாறும். இங்கே காகிதத்துக்குப் பதில் செல்லுலாய்டு தாள். 1961-இல் வந்த 'நூற்றொரு டால்மேஷியன்கள்' முழுவதும் இந்த முறையில் ஆனது. புள்ளிகள் நிறைந்த அத்தனை நாய்களைக் கையால் மையிட்டு முடிப்பது கனவிலும் நடந்திராது.

இதற்கு விலையும் இருந்தது. மையிடும் பிரிவில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பல ஆண்டுகள் பழகிய கைகள் தேவையற்றவை ஆயின. கார் கொட்டகையில் அமர்ந்து 'பிளேன் கிரேஸி'யின் கோடுகளை மையால் எழுதிய மூவரின் தொழில் வழித்தோன்றல்கள் அவர்கள். யாருடைய கோடுகளை அந்த மூவரும் பிரதியெடுத்தார்களோ, அவருடைய இயந்திரமே அந்த வேலையை இல்லாமல் ஆக்கியது. ஐவர்க்ஸைப் போற்றும் எழுத்துகள் இதைச் சொல்லாமல் கடந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது.

அனிமேட்டர்கள் இந்த இயந்திரத்தை வரவேற்றார்கள். அதுவரை அவர்களின் கோடு இன்னொருவரின் தூரிகை வழியாக, மழமழப்பாகி, சற்று உயிரடங்கியே திரைக்குப் போனது. இப்போது அவர்கள் வரைந்தது வரைந்தபடி போகத் தொடங்கியது. வால்ட் டிஸ்னிக்கு அந்தக் கரடுமுரடான தோற்றம் முதலில் பிடிக்கவில்லை. 1929-இல் இடைப்படங்களைப் பிறர் கையில் கொடுக்க மறுத்து நின்றவர், முப்பது ஆண்டுகளுக்குப் பின் தம் கோட்டை அல்ல, மற்ற அனிமேட்டர்களின் கோட்டை, கை மாறாமல் திரைக்குக் கொண்டுசேர்த்திருந்தார். 'டால்மேஷியன்கள்' படத்தை நிறுத்திப் பார்த்தால், ஓடும் நாய்களின் கால்களில் எல்லைக்கோட்டுக்கு வெளியே துருத்தி நிற்கும் பென்சில் கீற்றுகள் இன்றும் தெரிகின்றன. சில இடங்களில் அனிமேட்டர் முதலில் ஒரு கோடு போட்டு, சரியில்லை என்று பக்கத்தில் போட்ட மறுகோடும் அழியாமல் அப்படியே இருக்கிறது.